பூனையும் பினாயிலும்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடிக் காற்று தெரு மண்ணை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த சமயம். புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம், இன்றும் அங்கேதான் இருக்கிறோம். மேலே வீட்டு ஓனர். மனைவி கல்பாக்கத்தில் வேலைக்குப் போகிறவள். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவன். அதனால் சமையல் பாதி, வீடு துடைப்பது முழுசும் என் பொறுப்பு.

துடைப்பது என்றால் எனக்கு ஏனோதானோ கிடையாது. தினமும் பினாயில், அதுவும் தாராளமாக. "வீட்டுக்குள்ள வந்தா ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்று மனைவி கிண்டல் செய்வாள். நாங்களும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் காலையில் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கி, மீன் கொடுத்துவிட்டுப் போனதும், நான் வாளியோடு வந்து வாசல்படியைக் கழுவி விடுவேன். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டியிருக்கும் இல்லையா, ஈ மொய்க்குமே என்று.

எங்கள் தெருவில் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை திரிந்துகொண்டிருந்தது. யாரும் வளர்த்ததில்லை. கையை நீட்டினால் சீறும், பிறாண்டும். மீன்காரம்மா தூக்கிப் போடும் மீன் தலையைக்கூட, அவர் பத்தடி தள்ளிப் போன பிறகுதான் வந்து கவ்விக்கொண்டு ஓடும். ஒருநாள் காலை, என் கண் முன்னால் ஒரு பைக் அதன் பின்னங்கால்மேல் ஏறிவிட்டுப் போனது. பெட்ஷீட்டைப் போட்டு அமுக்கி, அழுக்குத்துணிக் கூடைக்குள் தள்ளி, செங்கல்பட்டில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். என் இரண்டு கையிலும் ரத்தக் கோடு.

நசுங்கிய பின்னங்காலை டாக்டர் எடுக்க வேண்டியதாகிவிட்டது. "மூணு காலை வச்சிக்கிட்டு தெருவுல ஒரு வாரம் தாங்காது, நாய் விடாது. வீட்டுக்குள்ள வச்சிக்க முடியுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சரி என்றுவிட்டாள்.

தெருவிலேயே பிறந்து வளர்ந்த பூனையை வீட்டுக்குப் பழக்குவது எப்படி என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் சொன்னபடி பின்னறையில் ஓர் அட்டைப்பெட்டி, சாப்பாடு, தண்ணீர், ஒரு பேசினில் மணல் எல்லாம் வைத்தோம். அது பீரோவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் வரை இரண்டு கண் மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் கதவைச் சாத்தின பிறகுதான் சாப்பிடும். மனைவி அதற்கு மேடம் என்று பெயர் வைத்தாள். "மேடம் மூட் எப்படி?" என்று ஆபீஸிலிருந்து போன் செய்வாள்.

பத்தாவது நாள் மேடம் தானாக வெளியே வந்தது. மூன்று காலில் தத்தித் தத்தி நடந்து, கதவு நிலையில் கன்னத்தை வைத்துத் தேய்த்தது. என் நாற்காலிக் காலில் தேய்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அது தேய்த்த இடத்தில் பிசுக்கென்று ஒரு பழுப்புக் கறை. பூனை நாற்றம் மாடிக்குப் போனால் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று வேறு பயம். அன்றிலிருந்து காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை பினாயில். நிலை, நாற்காலிக் கால், தரை, ஒன்றும் பாக்கியில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவே இல்லை. முன்னேறி வந்த பூனை பின்னால் போனது. மறுபடி பீரோ இடுக்கு. மணல் பேசினை விட்டுவிட்டு என் தலையணையில் மூத்திரம் போனது, லேப்டாப் பையில் போனது. நான் துடைக்கத் துடைக்க அது செய்யச் செய்ய, இரண்டு பேருக்கும் ஏதோ போட்டி மாதிரி ஆகிவிட்டது. நான் என்ன குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது வாரம் அது சாப்பிடுவதை நிறுத்தியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. எழுந்து நின்றால் குடிகாரன் போலத் தள்ளாடி விழுந்தது. அதற்கு முந்தின நாள்தான் மீன்காரம்மா, "பூனைக்குப் போடு சார்" என்று ஒரு கை நெத்திலி கொடுத்திருந்தார். எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அவர் வந்ததும் வராததுமாக, "நீங்க குடுத்த கெட்ட மீனைத் தின்னுதான் அது சாகக் கிடக்குது" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "இன்னா சார் சொல்றீங்க? எம் பசங்களுக்கு ஆஞ்சி வச்ச நெத்திலியத்தான் அதுக்கும் குட்தேன். கெட்டுப்போனத குடுப்பனா நானு?"

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

செங்கல்பட்டில் டாக்டர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கெல்லாம் புண். பிறகு அதன் பாதத்தைத் தூக்கி முகர்ந்தார். "வீட்டை எதால துடைக்கிறீங்க?" என்றார். நான் பெருமையாகவே சொன்னேன், பினாயில், தினம் இரண்டு வேளை என்று.

அவர் பொறுமையாகச் சொன்னார். பினாயில் பூனைக்கு விஷம். ஈரத் தரையில் நடக்கும், பாதத்தை நக்கும். மூன்று கால் என்பதால் வயிறும் தரையில் உரசும், அதையும் நக்கும். "அது கன்னத்தைத் தேய்க்கிறது அழுக்கு பண்றதுக்கு இல்ல சார். இது என் இடம்னு வாசனை வச்சிட்டுப் போகுது. நீங்க தினமும் அதை அழிச்சிடுறீங்க. பாவம், தினமும் அதுக்குப் புது வீடு."

எனக்கு நாற்காலியில் உட்காரவே கூச்சமாக இருந்தது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. பிழைக்குமா என்று கேட்டால், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். காப்பாற்றுகிறேன் என்று தூக்கிவந்து நானே கொன்றுவிட்டேனே என்று அந்த மூன்று நாளும் அரற்றிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மேடம் என் கையைப் பிறாண்டியது. அவ்வளவு சந்தோஷமாக நான் கடி, பிறாண்டல் எதையும் வாங்கியதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரம்மா செதில் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பொழச்சிகிச்சா சார்?"

பிழைத்துவிட்டது என்றேன். தப்பு என்னுடையது, மீனால் இல்லை, பினாயிலால் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தியை நிறுத்தாமலேயே சொன்னார்:

"உடு சார். நான் தெருக்கோடி தாண்டறதுக்குள்ள வாசல்ல ஊத்துவீங்களே, அந்த வாசன எனக்குத் தெரியாதா? தெனம் மோந்துகினுதான் போவேன். நான் நின்ன எடம்னு எனக்காவ ஊத்துறீங்கன்னு நெனச்சி கம்முனு இருந்துட்டேன். பூனைக்கும் ஊத்துறீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்காக இல்லம்மா, மீன் தண்ணிக்காகத்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். காய்கறிக்காரர் வந்து போனால் நான் படியைக் கழுவியதுண்டா என்று அந்த நேரம் பார்த்து ஒரு யோசனை வந்தது. காய்கறிக் கூடையிலிருந்தும் தண்ணீர் சொட்டும்தான். திரும்பி வந்துவிட்டேன்.

பினாயில் பாட்டிலை அன்றே தூக்கிப் போட்டாயிற்று. இப்போது வெறும் வெந்நீர்தான். கதவு நிலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பழுப்பாக ஒரு கறை கெட்டியாகப் படிந்திருக்கிறது. ஓனர் அதற்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார், நான் மழுப்பிவிட்டேன். மேடம் இன்று மனைவியின் மடியில் தூங்குகிற அளவுக்கு வீட்டு மனுஷியாகிவிட்டது. என் மடிக்கு மட்டும் இன்னும் வருவதில்லை.

மீன்காரம்மா பத்து நாள் கழித்துத் தானாகவே எங்கள் தெருவுக்கு வந்தார். உள்ளே வாங்க என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். "இருக்கட்டும் சார்" என்று வாசலிலேயே நின்றுகொள்கிறார். மேடம்தான் வாசல் வரைக்கும் தத்தி வந்து, கழுத்தை நீட்டி, அவர் கூடையில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போகிறது. அவர் போன பிறகு படியில் சொட்டிய தண்ணீர் வெயிலில் காய்வதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நிற்பேன். இத்தனை நாள் நான் கழுவியது வெறும் மீன் தண்ணீரைத்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.