பெரியவர் அறையில் ஒரு காபி

எங்கள் பம்ப் செட் கம்பெனிக்கு இரண்டு முதலாளிகள். அண்ணன் சேர்மன், தம்பி எம்.டி. ஆபீசில் அவர்களுக்குப் பெரியவர், சின்னவர் என்று பெயர். நான் நிர்வாகப் பிரிவு மேனேஜர், அதாவது அவர்கள் இருவருக்கும் செய்யப் பிடிக்காத வேலைகளைச் செய்கிறவள். ஆர்டர்கள் நின்றுபோய், ஆளைக் குறைத்தால்தான் மேற்கொண்டு கடன் என்று பேங்க்கில் சொல்லிவிட்ட சமயம். கம்பெனி பிழைக்குமா என்று முதலாளிகள் கவலைப்பட்டார்கள். எனக்கு என் வேலை பிழைக்குமா என்பதுதான் கவலை. மகள் காலேஜில் இருந்தாள், வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான்.

சின்னவர் வெளிநாட்டில் படித்தவர். கேன்டீன் மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு, திரை கட்டி, கீழே இறங்கும் சிவப்புக் கோடு ஒன்றைக் காட்டினார். "இனி இங்கே ஒளிவு மறைவே கிடையாது. எந்த முடிவானாலும் உடனே எல்லாருக்கும் தெரியும்" என்றார். நாங்கள் கை தட்டினோம். எதற்குக் கை தட்டினோம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் மனிதர் சொன்ன வாக்கு தவறவில்லை. தான் யாரை நிறுத்தினாலும் அடுத்த நிமிடம் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிடும் கையோடு செய்தி வந்துவிடும். லேத்தில் நின்றிருந்த ஒருவருக்குப் பக்கத்து மெஷின்காரர் துக்கம் விசாரித்த பிறகுதான் தன் வேலை போனதே தெரிந்தது.

பெரியவர் இதற்கு நேர் எதிர். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை. நிறுத்த வேண்டிய ஆளைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். எழுந்து நின்று வரவேற்பார். காபி வரும். தோட்டத்தில் தண்ணீர் இருக்கிறதா, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா என்று எல்லாம் கேட்பார். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல் வாசல் வரை வந்து வழியனுப்புவார்.

ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்த அன்னூர்க்காரர் அப்படித்தான் பூரித்துப்போய் வெளியே வந்தார். "ஏனுங்க, எங்கூட்டு மாடு கண்ணு போட்டதைக்கூட ஞாபகம் வெச்சுக் கேட்டாருங்க! மனுசன்னா அவருதானுங்க" என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்கும் வந்துவிட்டார். பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "பாவமுங்க, நீங்களே பக்குவமாச் சொல்லிப்போடுங்க அம்மணி" என்றார். சொன்னேன். அன்னூர்க்காரர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படியே ஊரார் சாபத்தை எல்லாம் நான் வாங்கிக்கொண்டேன். ஆபீசில் பெரியவர் காபி என்றாலே வேலை போயிற்று என்று அர்த்தமாகிவிட்டது. அப்படி ஒரு நாள் என்னையும் கூப்பிட்டார்.

எழுந்து நின்றார். காபி வந்தது. மகள் எப்படிப் படிக்கிறாள் என்றார், அம்மா சௌக்கியமா என்றார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். என்னை நிறுத்துவதைச் சொல்ல என்னை விட்டால் இங்கே ஆள் ஏது? இத்தனை வயதில் இந்த மனிதர் என் முன்னால் தவிக்க வேண்டுமா என்று இருந்தது. நானும் மரியாதைக்குப் பேர்போன இந்த மண்ணில் பிறந்தவள்தானே.

"நானே இந்த மாசத்தோட நின்னுக்கறேனுங்க" என்று சொல்லிப்போட்டேன்.

எதையோ எடுக்க நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். "அப்படீங்களா... நல்ல எடமாத்தான் பாத்திருப்பீங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

பக்கத்து மேஜையிலிருந்து தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. "பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்குதுங்க. இந்த நேரத்துல எப்படிக் கூப்பிடறதுன்னுதான் கூச்சமா இருந்துச்சு. அவசியம் வந்திரோணும்."

வாங்கிக்கொண்டேன். சொன்னதைத் திரும்ப வாங்க வாய் வரவில்லை. ஒருத்தர் எடுத்த முடிவை ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை என்று அவரும் கேட்கவில்லை. வாசல் வரை வந்தார். மேஜைக்குப் போய் உட்கார்ந்து, நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதே போன் அடித்துக்கொண்டது. குரூப்பில் சின்னவர்; அதற்குள் பெரியவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். என்னை வைத்துத்தான் புது நிர்வாகத்தையே திட்டமிட்டிருந்தார்களாம், ஆனாலும் என் முடிவை மதிக்கிறார்களாம். கீழே கும்பிடும் கை. அதற்குக் கீழே வாழ்த்துகள் வரிசையாக வந்து விழுந்தன. பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அண்ணன்மேல் கோபமா, தம்பிமேல் கோபமா, என்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கல்யாணம் பெருந்துறையில். காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போனேன், வேலை இன்னும் கிடைத்திருக்கவில்லை. பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பந்தியில் தானே இடம் பார்த்து உட்கார வைத்தார்.

"புது எடம் எப்படீங்க அம்மணி?"

"நல்லா இருக்குதுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க எடத்துக்கு இன்னும் ஆளே அமையலைங்க. ரொம்பச் சிரமமா இருக்குது."

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன்.

"சீக்கிரம் அமைஞ்சிருமுங்க, கவலைப்படாதீங்க" என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.