பானட்டுக்கு வைத்த கட்டை

கரிப் புகையும், ஈர வெற்றிலையின் காரமும், சூடேறிய ரப்பரின் நாற்றமும் கலந்த ஒரு வாடை, எனக்கு எட்டு வயதான அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவின் சட்டையிலும் சித்தப்பாவின் தலைமுடியிலும், அவர்கள் துணியைத் துவைத்துப் போட்ட கொடியிலும்கூட அது ஒட்டிக்கொண்டிருந்தது. உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் எங்கள் பஸ்ஸின் பின்புறத்தில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புக் கொப்பரையைப் பொருத்தி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையைக் கொண்டு இஞ்சினை ஓட்டினார்கள். ஊரில் அதற்குக் "கரி பஸ்" என்று பெயர். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கூடைகளைக் கூரையிலும் ஆட்களை உள்ளேயும் அடைத்துக்கொண்டு கிளம்பினால், நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் எங்காவது ஒரு மேட்டில் இஞ்சின் தண்ணீர் கொதித்து, "உஸ்ஸ்" என்று ஆவி விட்டபடி நின்றுவிடும்.

பஸ் அப்பாவுடையது. ஓட்டியவர் அவருடைய தம்பி, என் சித்தப்பா பழனிச்சாமி. கல்யாணமாகாதவர், எங்களோடுதான் இருந்தார். பெண்பிள்ளையான என்னைச் செல்லமாகச் "சாமி" என்றும், என் அம்மாவை, அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அழைக்கிற முறைப்படி, "நங்கையா" என்றும் கூப்பிடுவார். அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லத் தெரியாத மனிதர். அப்பா உட்காரும்வரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சித்தப்பா ஒரு விஷயம் சொன்னார். இஞ்சினை மூடுகிற பானட்டு, அந்தக் காலத்துப் பஸ்ஸில், இந்தக் காலத்தது போல ஒரே மூடியாக இருக்காது. நடுவில் கீல் வைத்து, பறவையின் இறக்கை போல இரண்டு பக்கமும் மடங்கித் தூக்கிக்கொள்ளும். மேட்டில் பஸ் திணறியபோது அந்த இறக்கைகளைச் சற்றே தூக்கி வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தாராம். கொதிக்காமல் ஏறிவிட்டதாம். "உள்ள அடைஞ்சு கெடக்குற சூடு வெளிய போவுதுங்ணா" என்றார்.

அப்பா அன்றைக்கே ஆசாரியிடம் போய் வாகை மரத்தில் இரண்டு கட்டைகள் செதுக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸின் படியில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்க, இறக்கையின் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே பக்கத்துக்கொரு கட்டையாகத் தம் கையாலேயே கொடுத்து, கம்பியால் இழுத்துக் கட்டினார். மறுநாளிலிருந்து பஸ் மேட்டில் நிற்காமல் போயிற்று. நாமக்கல் காப்பிக் கடையில், மற்ற பஸ் முதலாளிகளுக்கு நடுவில், அப்பா காலை ஆட்டிக்கொண்டு, "இஞ்சினுக்கு மூக்குத் தொறந்து உட்டுருக்கறனுங்க. எல்லாம் நம்ம யோசனைதான்" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். சித்தப்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குப் பெயர் வந்தால் அவருக்கு வந்ததுபோலத்தான்.

ஆனால் ஆடி பிறந்ததும் சித்தப்பாவின் முகம் மாறியது. இறக்கத்தில் வேகமெடுக்கும்போது காற்று அடியில் புகுந்து தகரத்தைத் தூக்கப் பார்க்கிறது, படபடவென்று அடிக்கிறது, மேடு ஏறினதும் கட்டையை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"நின்னு நின்னு கட்டையப் புடுங்கி மாட்டீட்டு இருந்தா எப்பப் போயிச் சேர்றது? கம்பிய இன்னொரு சுத்து இறுக்கு, போதும்."

உள்ளேயிருந்து அம்மா, "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமுங்க, தகரம் நிக்குமுங்களா?" என்றாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சில நாட்களில் அது நடந்தது. இறக்கத்தில் கம்பி அறுந்து, ஒரு பக்க இறக்கை எழும்பி, கீலோடு பிய்ந்து, முன்கண்ணாடியில் வந்து அடித்தது. கண்ணாடிச் சில்லு சித்தப்பாவின் வலது கண்ணில் பாய்ந்தது. பஸ் சாலையோரப் புளியமரத்தில் மோதி நின்றது. மகள் வீட்டுக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து போன ஓர் அம்மாள் அங்கேயே இறந்துபோனார்.

மறுநாள் விசாரிக்க இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பானட்டுக்குக் கட்டை கொடுத்தது யார் என்று கேட்டார். அப்பா கைகட்டி நின்று, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வண்டிய ஓட்டறவன் எதையாச்சும் செஞ்சுருப்பானுங்க" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. "இல்லீங்க, அப்பாதானுங்க கட்டை வெச்சாங்க. நான் பாத்தேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அப்பா என் தலையில் கை வைத்தார். சிரித்தார். "இவ சித்தப்பன் செல்லமுங்க. அவனுக்கு ஒண்ணுன்னா இப்பிடித்தான் எதையாச்சும் சொல்லுவா" என்றார். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். அந்தக் கை என் தலையில் இருந்த சூடு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில், அம்மாவும் நானும் கஞ்சியோடு நிற்க, அப்பா கட்டிலில் குனிந்து சித்தப்பாவிடம் பேசினார். பஸ் முதலாளி மேல் குற்றம் வந்தால் பர்மிட்டை ரத்துச் செய்துவிடுவார்கள், குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும், நீயே செய்ததாகச் சொல், நல்ல வக்கீலாக வைத்து நான் உன்னை வெளியே கொண்டுவருகிறேன் என்றார். கட்டுப் போட்ட முகத்தில் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அண்ணனைப் பார்த்து, "சரிங்ணா" என்றார் சித்தப்பா. வெளியே வந்ததும் அம்மா, "நம்ப வெச்சுட்டீங்க. கடசீல கைய உட்றாதீங்க" என்றாள்.

கேஸ் நடந்த நாளில் அப்பா கோயமுத்தூருக்குப் புதுக் கொப்பரை பார்க்கப் போய்விட்டார். வக்கீல் யாரும் வரவில்லை. கோர்ட்டுப் படியே மிதித்திராத அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய் வாசலில் நின்றாள். போலீஸ்காரரோடு உள்ளே போகும்போது சித்தப்பா எங்களைத் தாண்டி யாரையோ தேடினார்.

"அண்ணன் வரலீங்களா, நங்கையா?"

"வந்துட்டு இருக்காங்க தம்பி" என்றாள் அம்மா. என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கேஸ் முடிகிறவரை சித்தப்பா கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை வைத்தது நான்தான் என்று அண்ணனுக்குக் கொடுத்த வாக்கின்படியே சொன்னார். சேலம் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

விடுதலையானதும் ஒருநாள் மத்தியானம் தம் துணிமணிகளை எடுத்துப் போக வந்தார். அவர் குரல் கேட்டதும் அப்பா கொல்லை வழியாக வெளியே போய்விட்டார். அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, பஸ் இப்போது எப்படி ஓடுகிறது என்று என்னைக் கேட்டார். பானட்டை இறுக மூடித்தான் ஓட்டுகிறார்கள், மேட்டில் பழையபடி நின்றுவிடுகிறது என்றேன்.

"மெதுவாப் போறப்பச் சூடு மேல போவும் சாமி, அது நெசந்தான். வேகமாப் போனா வெளிக்காத்து உள்ள பூந்துக்கும், அதும் நெசந்தான். ரெண்டையும் நான் சொன்னனே" என்றார். யாரையும் குற்றம் சொல்லுகிற குரலே இல்லை. அப்புறம் சங்ககிரிப் பக்கம் ஒரு லாரிக் கொட்டகையில் காவலுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒற்றைக் கண்ணுக்கு லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசல் ஏறியது அப்பா இறந்தபோதுதான். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. சொல்லியனுப்பினால் வருவாரோ மாட்டாரோ என்று பங்காளிகள் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றார். மொட்டை அடித்துக்கொண்டார், கொள்ளி வைத்தார், ஆற்றில் முழுகினார், எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். கல்யாணமாகிக் கையில் பிள்ளையோடு இருந்த நான் பின்னாலேயே ஓடி, "எப்பிடிங்க சித்தப்பா மனசு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கொள்ளி வெக்க நான் வரோணுமின்னு மொறை, சாமி. கோர்ட்டுக்கு அவரு வரோணுமின்னும் மொறைதான்" என்றார். பிறகு, "நான் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார்.

இப்போது அந்தச் சாலையில் மேடும் தெரிவதில்லை, இறக்கமும் தெரிவதில்லை. புளியமரங்களை வெட்டி அகலப்படுத்திவிட்டார்கள். கரி பஸ்ஸைக் கண்ணால் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரின் பானட்டைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றே என் பேரனுக்குத் தெரியாது. சித்தப்பா போய்ச் சேர்ந்தும் நெடுநாளாகிவிட்டது. ஆடி அமாவாசைக்கு வீட்டில் இரண்டு பேருக்கும் இலை போட்டுப் படைக்கிறோம். சித்தப்பாவின் இலைக்கு நான் பரிமாறுகிறேன். அப்பாவின் இலைக்கு மருமகளைப் பரிமாறச் சொல்லிவிடுகிறேன்.