முப்பத்தோராவது படம்: மயிலாப்பூரிலிருந்து உடைந்த பாலம் வரை

திரு. வரதன் அவர்கள் மீது எனக்குள்ள குறைகள்:

1. 2-2-1997: ஒரு படச்சுருளின் நெகட்டிவ்கள் அனைத்தையும் "ரெண்டே நாள்" என்று சொல்லி என் அறையிலிருந்து எடுத்துச் சென்றார். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

2. 15-1-1999: பெங்களூருக்குக் குடிபெயர்ந்த அவருக்கு அதுபற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்துப் பதிலாக ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை வந்தது.

3. 9-9-2025: அந்தச் சுருளில் நான் எடுத்த ஆறு படங்களைத் தம் இணையப் பக்கத்தில் தம் பெயரில் வெளியிட்டார்.

4. அதே நாள், அதே பக்கம்: என்னைப் "பை தூக்க வந்த நண்பர்" என்று குறிப்பிட்டார்.

பை தூக்கியது உண்மை. பைக்குள் இருந்த கேமரா என்னுடையது. பேஞ்ஜோ இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. தட்டச்சுப் பொறிபோல விசைகளை இடக்கையால் அழுத்தி, வலக்கையால் கம்பிகளை மீட்டும் புல்புல்தாராவைத்தான் மெல்லிசைக் குழுக்களில் அப்படிச் சொல்வார்கள். அவருடைய பக்கத்தைப் படித்து அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அவர் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்ததாக எழுதியிருக்கிறார். நாங்கள் நடந்தது ஏழு.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. பேஞ்ஜோ, புகைப்படம், பறவை பார்த்தல், சதுரங்கம், தெரியாத தெருக்களில் காரணமின்றி நடத்தல் என்று ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குத் தாவுவதே எங்கள் வழக்கம். எதிலும் தேறவில்லை, எதையும் விடவுமில்லை. அந்தச் சுருளை எடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு விதி வைத்தோம். ஒருவர் கையில் பேஞ்ஜோ இருந்தால் மற்றவர் கையில் கேமரா. ஊரின் ஒவ்வொரு பகுதியிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே வாசிப்பவர் படத்துக்குள் இருப்பார், எடுத்தவர் வெளியில் இருப்பார். வரதன் வெளியிட்ட ஆறு படங்களிலும் வாசித்துக்கொண்டிருப்பவர் வரதன்.

1997 ஜனவரி 19, காலை 6.10. மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் படியில் வரதன் வாசிக்க முதல் படம். தண்ணீருக்கு மேல் பனி இன்னும் கலையவில்லை. வரதன் தெற்கு மாட வீதிக்காரர். வீட்டில் நூலகம் போவதாகச் சொல்லியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஏதுடா லைப்ரரி?" என்றேன்.

"ஆத்துல யாரும் அதைக் கேக்கலை. பேஞ்ஜோவைத் தூக்கிண்டு எங்கே போறேன்னுதான் கேட்டா."

லஸ் முனையில் மூன்றரை ரூபாய்க்குக் காப்பி குடித்துவிட்டு மாற்றிக்கொண்டோம். என் முறை. விசையில் கை வைத்ததும் கம்பி அறுந்தது. எல்டாம்ஸ் சாலை வழியாகத் தேனாம்பேட்டை, அண்ணா சாலையைக் கடந்து தியாகராய நகர்: மொத்தம் ஐந்து கிலோமீட்டர். இடையில் ஒன்றரை மணி நேரம், யார் வீட்டு மதில் அழகு என்று நின்று நின்று சண்டை போட்டோம்.

பாண்டி பஜாரில் இசைக்கருவிக் கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். அறுந்த கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"இதுல வாசிக்கது யாரு?"

"ரெண்டு பேரும், அண்ணாச்சி."

"கேமரா?"

"அதுவும் ரெண்டு பேரும்தான்."

"அப்ப எதுலதான் உருப்படப் போறீய?"

வரதன் சிரித்துச் சிரித்துக் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டார். புதுக் கம்பி சுருதியில் நிற்கிறதா என்று பார்க்கிறேன் என்று பேஞ்ஜோவை வாங்கியவர் திருப்பித் தரவில்லை. பனகல் பூங்காவில் ஒரு படம், சைதாப்பேட்டை ஆற்றுப் பாலத்தில் பேருந்து சன்னலோரம் ஒன்று, எடுத்ததெல்லாம் நான். எனக்கு அப்போது கோபமில்லை. முப்பத்தாறில் முதல் முப்பதும் அவருக்குப் போயின.

மாலை 4.30க்குப் பெசன்ட் நகரில் இறங்கினோம். அங்கிருந்து கடற்கரையோரம் வடக்கே இரண்டு கிலோமீட்டர். குப்பத்தருகே வலையை உதறிக்கொண்டிருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, பொட்டியத் தூக்கிக்கினு எங்க போறீங்கோ?"

"பாலத்துக்கு."

"அங்க இன்னா கீது? பாதி பாலந்தான் கீது!"

அடையாறு கடலில் சேரும் இடத்தில் ஆற்றின் நடுவே அறுபட்டு நிற்கும் அந்தப் பாலத்தின் விளிம்பில், 5.50க்கு என் முறை வந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வரதன் கேமராவைக் கைப்பிடிச் சுவரில் பதித்து, "அசையாம வாசிடா!" என்று கத்தினார். அசையாமல் எப்படி வாசிப்பது? வாசித்தேன். ஷட்டர் திறந்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டது.

மீதி ஐந்தில் மறுநாள் என் அறைச் சன்னலுக்கு வந்த காக்கைகளை எடுத்துச் சுருளை முடித்தேன். ஸ்டூடியோவில் முப்பத்தைந்து பிரதிகள்தான் கொடுத்தார்கள். அக்காலத்தில் தேறாது என்று தோன்றும் படத்தை அவர்களே ஒதுக்கிவிடுவார்கள். அதற்குக் காசும் வாங்கமாட்டார்கள். "முப்பத்தொண்ணு ஒரே இருட்டு சார், ஒண்ணும் வரல" என்றார் கவுண்டரில் இருந்தவர். நெகட்டிவை அறையின் குழல்விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தோளும் விசை வரிசையும் புகைபோலத் தெரிந்தன. இரண்டு வாரத்தில் வரதன், தம் படங்களைப் பெரிதாக்க என்று, எல்லாவற்றையும் கொண்டுபோனார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பக்கவாதம். நடை திரும்பிவிட்டது. வலக்கை விரல்கள் திரும்பவில்லை. நான் பேஞ்ஜோ வாசித்ததற்கு உலகில் இருக்கும் ஒரே படம் அந்த முப்பத்தொன்று. இன்றைய ஸ்கேனரில் அந்த நெகட்டிவிலிருந்து முகத்தைக்கூட மீட்கலாம் என்கிறார் எனக்குத் தெரிந்த புகைப்படக்காரர்.

போக விரும்புவோருக்கு: மயிலாப்பூரிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்புங்கள். தியாகராய நகரைப் பதினொன்றுக்குள் விட்டு வெளியேறுங்கள். பாலத்துக்குத் தனியே போகாதீர்கள், அனுமதி உண்டா என்று குப்பத்தில் கேளுங்கள், இருட்டுமுன் திரும்புங்கள். கூடவே ஒரு நண்பரை அழைத்துச் செல்லுங்கள். அவர் எடுத்த படங்களை அன்றே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இனி எந்த ஞாயிறும் எனக்கு அந்த ஞாயிறைப்போல் இருக்கப்போவதில்லை என்பதை நான் அறிவேன். அதற்கு வரதன் பொறுப்பல்ல.

திரு. வரதன் அவர்களுக்கு: ஆறு படங்களையும் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பெயரை மாற்ற வேண்டியதில்லை. பை தூக்கியவன் என்றே இருக்கட்டும். முப்பத்தொன்றாம் நெகட்டிவ் தங்களிடம் இருக்கிறதா, இல்லையா என்று 30-11-2025 மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைத்தால் எடுக்கமாட்டேன். இருந்தால் அனுப்புங்கள். அதைப் பிரதி எடுத்து, அடியில் "படம்: வரதன்" என்று நானே எழுதுவேன். அதை எடுத்தவர் தாங்கள்தான்.