குமுதாக்கா கேட்ட சுயவிமர்சனம்

குமுதாக்கா கிள்ளான் நகரத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பின் சீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கண்ணாடியில் ஒரு முறைப்பு, அவ்வளவுதான். வேன் கோயில் மாதிரி ஆகிவிடும். அந்த முறைப்பிலேயே நல்லதாக ஒன்றைப் பல வருடமாக எடுத்து வைத்திருந்தார். அது சுகுமாறனுக்கு.

சுகுமாறன் ஒரு காலத்தில் குமுதாக்காவும் இருக்கிற மார்க்சியக் கட்சியின் கிளைச் செயலாளர். குமுதாக்கா குடியிருந்த பழைய தோட்டத்து லயன் வீடுகளை இடிக்க ஆள் வந்தால் புல்டோசருக்கு முன்னால் படுப்பேன் என்று மேடைக்கு மேடை சத்தியம் செய்தவர். புல்டோசர் வந்த காலையில் அவர் படுக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார். அதுவும் எந்தப் பக்கம்? ஆளுங்கட்சிச் சட்டை, கையில் குடை, நகராண்மைக் கழக உறுப்பினர் என்று புது நியமனம். கட்சி தாவுகிறவர்களுக்கு இந்த ஊரில் தவளை என்று பெயர். இந்தத் தவளை மழை வருமுன்பே குடை பிடித்துக்கொண்டது.

வீடு போனவர்களுக்கு அடுக்குமாடி கிடைத்தது. குமுதாக்காவுக்கு ஒன்பதாவது மாடி. அவர் கணவர் ஜெயராஜுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. லிஃப்ட் வேலை செய்கிற நாளைவிடச் செய்யாத நாள்தான் அதிகம். மனுஷன் தாழ்வாரக் கம்பியைப் பிடித்தபடி கீழே போகிறவர் வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரிக்கு என்றால் மட்டும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். தேத்தண்ணி குடிக்க என்று இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது.

இப்போது ஆளுங்கட்சி சுகுமாறனைக் கழற்றிவிட்டது. தேர்தல் வருகிறது. பழைய கட்சிக்கே திரும்பி வந்தார், வேட்பாளராக நிற்க.

பிரிக்ஃபீல்ட்ஸில் கட்சி அலுவலகம் இருந்த கடைவீட்டு மாடியில் கூட்டம். தலைமையகத்து விமலன் நிதானமாக விளக்கினார். "தோழர்களே, புரட்சி பேசினா மட்டும் சட்டமன்றத்துக்குள்ள விடமாட்டாங்க. ஜனநாயகத்துல ஓட்டு வேணும், ஓட்டுக்குத் தெரிஞ்ச முகம் வேணும். பெரும்பான்மை முடிவு எடுத்துட்டா, அப்புறம் எல்லாரும் ஒரே வாய். அது நம்ம விதி."

குமுதாக்கா சண்டை போடுவார் என்று எல்லாரும் தயாராக இருந்தார்கள். அவரோ கையைத் தூக்கினார். "எனக்குச் சம்மதம் தோழர். ஆனா திரும்பி வர்றவங்க சுயவிமர்சனம் செய்யணும். அதுவும் விதிதானே?"

"கண்டிப்பா," என்றார் விமலன்.

"இங்க வேணாம். எங்க ஃபிளாட்டுக்குக் கீழ. ஓட்டுப் போடப்போறது நாம இல்லையே, அவங்கதானே."

சுகுமாறன் சிரித்தார். "பண்ணிடலாம் லா அக்கா. ஒரு மைக் மட்டும் போடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் மைக் போட்டார்கள். ஃபிளாட்டே இறங்கி வந்துவிட்டது. சுகுமாறன் தொண்டையைச் செருமினார். "மக்களே, நான் தப்பு செஞ்சிருக்கேன். உங்களுக்காக ரொம்ப உழைச்சிட்டேன். சாப்பாடு, தூக்கம், குடும்பம் எதையும் கவனிக்கல. அதுதான் என் தப்பு."

குமுதாக்கா பக்கத்து மைக்கை எடுத்தார். "தோழர், இது சுயவிளம்பரம். விமர்சனம் இன்னும் ஆரம்பிக்கல."

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் ஊளையிட்டது. அந்த முறைப்பு அப்போதுதான் வெளியே வந்தது. "இடிக்க வந்த அன்னைக்கு எந்தப் பக்கம் நின்னீங்க?"

"அக்கா, அதெல்லாம் இங்கயேவா..."

"இங்க கூச்சமா இருந்தா மேல போய்ச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் அங்கதான் இருக்காரு. அவரால இறங்க முடியாது. லிஃப்ட் இன்னைக்கும் கெட்டுப்போச்சு, படி அந்தப் பக்கம்."

ஊரே பார்க்கிறது. முடியாது என்று சொன்னால் தேர்தல் அங்கேயே முடிந்தது. சுகுமாறன் ஏறினார். குமுதாக்கா பின்னாலேயே ஏறினார். நாலாவது மாடியில் வியர்வை. ஆறாவதில் ஒரு ஆன்டி கதவைத் திறந்து, "ஒருத்தரை நாற்காலியோட தூக்கிட்டு இறங்குறது இன்னும் கஷ்டம் பாஸ்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒன்பதாவதில் சுகுமாறன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெயராஜ் முன்னால் நின்றார். மூச்சு வந்ததும் மெல்லச் சொன்னார்: "அந்தப் பக்கம்தான் நின்னேன் அண்ணே. பதவி குடுத்தாங்க. நின்னேன்."

ஜெயராஜ் கம்பிக்கு வெளியே, கீழே நின்ற கூட்டத்தைக் கை காட்டினார். "எனக்குத் தெரியும் தம்பி. நான்தான் பார்த்தேனே. அவங்களுக்குச் சொல்லு. சத்தமா."

சுகுமாறன் கம்பிக்கு மேல் குனிந்து அதையே கத்தினார். கீழே ஒருவரும் கைதட்டவில்லை.

இறங்கி வந்த குமுதாக்காவிடம் விமலன் தணிந்த குரலில் கேட்டார். "அவர் முடிச்சிட்டாரு. முடிவு முடிவுதானே தோழர்? பிரச்சாரத்துக்கு வருவீங்கதானே?"

"வருவேன். வேன்ல கொடி கட்டுவேன், வீடு வீடா நோட்டீஸ் குடுப்பேன். கட்சி சொல்லிடுச்சு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா வாக்குச்சாவடிக்குள்ள நான் தனியாத்தான் போவேன். அங்க கை தூக்கச் சொல்லமாட்டாங்க தோழர்."

மேலே கம்பியோரம் ஜெயராஜ், அப்போதுதான் கீழே வந்து சேர்ந்த சுகுமாறனைப் பார்த்து, வெகுநாளைக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.