ஆண்கள் கண்டு ஓடிய வண்டி

கோவில்பட்டிக்கு ஹன்னா என்ற டச்சுக்கார அம்மாள் வந்தது 1998இல், தீப்பெட்டி லேபிள் சேகரிக்க. லேபிளில் சிங்கமும் புலியும் கம்பீரமாக நிற்க, தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் சொறிநாய்கள் சுருண்டு கிடந்தன. அம்மாள் லேபிளை மறந்தார். தம் நாட்டு லேபிள் சேகரிப்பாளர்களிடமே நிதி திரட்டி, நாய்களுக்கு இலவசமாகக் கருத்தடை செய்யும் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

அதற்குச் சுகாதாரத் துறை கழித்துக்கட்டிய வேன் ஏலத்தில் கிடைத்தது. அதை ஓட்டி ஓய்வுபெற்ற சண்முகராஜும் கிடைத்தார். இரண்டும் இன்னும் ஓடும் நிலையில் இருந்தன. வேனிலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தின்மேல் நாய்ப்படம் வரைந்தார்கள்; நாயின் வயிற்றில் முக்கோணம் தெரிந்தது.

வளர்ப்பவர் சம்மதமின்றி நாயைத் தொடக்கூடாது என்பது ஹன்னாவின் சட்டம். இரண்டு ஊர்களிலிருந்து வேன் காலியாகத் திரும்பியது. மூன்றாவதும் இப்படியே என்றால் வேறு மாவட்டம் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். சண்முகராஜ் கலங்கிப்போனார். சம்பளத்துக்காக அல்ல. ஓய்வுபெற்ற முதல் வாரமே மனைவி பத்திரகாளி அவரை முருங்கைக்கீரை ஆய வைத்திருந்தார்.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் சண்முகராஜ் மைக்கைப் பிடித்தார். “இலவச ஆபரேஷன்!”

ஆண்கள் எல்லாரும் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். நாய்கள் வாலாட்டிக்கொண்டு நின்றன.

ஆட்டுக்காரர் வீட்டு ராதாமணி வெளியே வந்தாள். “என்ன அண்ணாச்சி, எங்களத்தான் அப்பவே கூட்டிட்டுப் போய் முடிச்சிட்டியளே, இன்னுமா?”

“ஒனக்கில்ல தாயி. நாய்க்கு.”

“பொட்ட நாய்க்கா?”

“ஆம்பளை நாய்க்கும் உண்டு.”

ராதாமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு தெருவே கேட்கக் கூவினாள். “ஏட்டி முத்துசெல்வி, இங்கன வா! ஆம்பளைக்குப் பண்ணுதாவளாம்!”

அரை மணி நேரத்தில் வேன் நிறைந்தது. பெண் நாய் ஒன்றுகூட இல்லை. ராதாமணியின் கணவன் மாயகிருஷ்ணன் முள்ளுக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

“ஏட்டி, எம் நாய எங்க ஏத்துத?”

“அது தைரியமா ஏறிட்டு. நீங்களும் வாரியளா?”

தலை உள்ளே போய்விட்டது.

ஹன்னாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வேன் நிறைந்தது விளங்கியது. கோவில்பட்டியில் கற்ற தமிழில் கேட்டார். “சண்முகராஜ், அடுத்த மாசமும் ஓட்டுதீங்களா? எந்த ஊருக்குப் போவோம்?”

“எந்த ஊர்னாலும் சரிம்மா,” என்றார் சண்முகராஜ், வண்டியைக் கிளப்பியபடி. “ஆம்பளைக ஓடுத ஊராப் பாத்துப் போவோம்.”