கேடயத்தில் தெரிந்த ஆள்

சினிமாவில் ஆகாயத்தில் பறக்கிறவர்களெல்லாம் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் பறக்கிறார்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுப்பவர் கயித்தண்ணன். இருபத்திரண்டு வருஷமாக இழுக்கிறார். ஒரு படத்திலும் அவர் தலைமுடிகூடத் தெரிந்ததில்லை. தெரிந்தால் அது குற்றம். கயிற்றையும் அவரையும் கம்ப்யூட்டரில் அழிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. அதில் ஒருவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. கூத்தைப் பாருங்கள், அண்ணன் இழுக்க, தம்பி அண்ணனை அழிக்க, குடும்பம் ஓடுகிறது!

புதுப் படம் வெளியாக ஒரு வாரம் இருந்தது. வேலை செய்தவர்களுக்கு மட்டும் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். கயித்தண்ணன் மனைவியோடு வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். பின் வரிசையில் தம்பியின் மேலதிகாரி. ஒரே ஒரு டீ கப்பை அழிக்காமல் விட்டதற்காகப் போன மாதம் ஒரு பெண்ணை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிய புண்ணியவான்.

படம் கண்ணைப் பறித்தது. ஊதா வானம், கண்ணாடிக் கோட்டை, கறுப்பு மழை. கேடயத்தோடு நாயகி அரக்கன் மேல் எழும்பினாள்.

"இதோ, இப்பதான் இழுக்கறேன்," என்று கயித்தண்ணன் மனைவியின் காதில் சொன்னார்.

கேடயம் திரை முழுக்கத் திரும்பியது. அதற்குள் ஒரு முகம். நாக்கைக் கடித்துக்கொண்டு, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு வீடு உயரத்துக்கு. அவருடைய முகம்!

யாரோ வீலென்று கத்தினார்கள். ஒரு நொடிதான், மழை வந்து மூடிவிட்டது. கயித்தண்ணனுக்குப் பகீரென்றது. கூடவே, வெளியில் சொல்ல வெட்கப்படுகிற மாதிரி ஒரு சந்தோஷம்.

மனைவி எழுந்தே விட்டாள். "என்னங்க! அது நீங்கதானே? நாக்கைக் கடிச்சுக்கிட்டு..."

கயித்தண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். பயலுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கயிற்றை அழித்திருக்கிறான், ஆளை அழித்திருக்கிறான், கேடயத்தில் விழுந்த பிம்பத்தைக் கோட்டை விட்டிருக்கிறான்.

மேலதிகாரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது? எதையாவது விட்டுட்டாங்களா?"

"நானா?" கயித்தண்ணன் சத்தமாகச் சிரித்தார். "உக்காருடி. எனக்கு அவ்வளவு கோரமான மூஞ்சியா? அது அரக்கனோட ஆவி சார். நானே நடுங்கிட்டேன்."

"ஓ, ஆவியா? நல்லாத்தான் பயமுறுத்துது." அவர் சாய்ந்துகொண்டார்.

தம்பியின் விரல்கள் கயித்தண்ணனின் மணிக்கட்டை இறுக்கின. "அண்ணே, நாளைக்கு டைரக்டர் கண்ணுல பட்டா நான் தொலைஞ்சேன். இப்பவே போய் அழிச்சிடறேன்."

"அழிச்சிடு. இந்தத் தடவை நாக்கைக்கூட விட்டுடாதே." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மனைவி உட்கார்ந்தாள். பிறகு அவரைத் தாண்டிச் சாய்ந்து, கொழுந்தனிடம் மெதுவாகச் சொன்னாள். "தம்பி, அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு தடவை காட்டுங்க."