உம்மாவின் பக்கத்துச் சோறு

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது உம்மா சோற்றைக் குறைத்தார். முழங்கால் நோவுக்கு உடம்பு மெலிய வேண்டும் என்று கல்முனையில் ஒரு வைத்தியர் சொல்லியிருப்பதாக எனக்கு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் வாப்பா. அவர் அக்கரைப்பற்றில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். எந்தச் செய்தியையும் சுற்றறிக்கை வாசிப்பவரைப் போலவே சொல்வார். அடுத்த முறை போகும்போது தராசின் முள் எந்த இடத்துக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பதையும் வைத்தியர் குறிப்பிட்டிருந்தார். அந்த இடத்துக்கு இறங்காவிட்டால் அவர் வைத்தியத்தைத் தொடங்கவே மாட்டாராம். “வெளியில கதைக்கப்படா” என்று உம்மா இறுதியாகச் சேர்த்துச் சொன்னார்.

முழங்கால் நோவை ஏன் மறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரியவர்கள் எதையும் காரணத்தோடுதான் மறைப்பார்கள் என்று நம்பியிருந்தேன். உம்மாவின் கால்கள் மாடிப்படியில் என்னை முந்திச் செல்வதை நாள்தோறும் கண்டும் அந்த நம்பிக்கை அசையவில்லை.

எங்கள் ஊரில் ஒருவரைச் சந்தித்தால் முதல் கேள்வியே சோறு தின்றாயிற்றா என்பதுதான். சம்மாந்துறைப் பக்கம் எங்களுக்கிருந்த சிறு வயலின் அரிசி உள்ளறையில் சாக்குச் சாக்காக அடுக்கியிருக்கும். அந்தச் சாக்குகளைக் கடந்துபோய்த்தான் உம்மா தன் குரக்கன் ரொட்டியையும் வெள்ளரிக்காயையும் எடுத்துவந்து தின்றார். அவை போதாத நேரங்களில் கன்னத்தில் ஒரு கராம்பை ஒதுக்கிக்கொள்வார், இல்லாவிட்டால் தண்ணீர் குடிப்பார். இரண்டும் பயன்படாத நேரத்தில் நானும் வாப்பாவும் எச்சரிக்கையாக இருந்துகொள்வோம்.

உம்மாவின் பசி முதலில் கைகளில்தான் தெரியும். பானை மூடிகள் விழுந்து உட்காரும்; அலுமாரிக் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ள வாய்ப்பின்றிச் சாத்தப்படும். பிறகு அது நாவுக்கு வரும். பாடசாலை விடுமுறைக் காலமாதலால் நான் முழுநாளும் வீட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம் உம்மா ஒரு நாள், “இந்தச் சூரை உங்களுக்கு மூத்ததா, இளையதா?” என்று விசாரித்தார். அதன்பின் சில நாட்களுக்கு அவர் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாமல் நேரே போனார்.

கோபம் வந்தால், தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாவதைப் போல, வுளூச் செய்துகொள்ள வேண்டும் என்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. உம்மா அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாளில் பலமுறை குழாயைத் திறந்து கைகளையும் முகத்தையும் கால்களையும் கழுவினார். அந்த நாட்களில் எங்கள் தெருவில் அவரளவு நேரம் வுளூவோடு இருந்தவர் வேறெவரும் இருந்திருக்க முடியாது.

“அது உம்மா கதைக்கிறல்ல மகள். பசி கதைக்குது” என்று வாப்பா என்னை ஆறுதல்படுத்துவார். உம்மாவின் முன்னால் தின்னக்கூடாது என்பதற்காக அவர் அக்கரைப்பற்றுச் சந்தியிலேயே எதையாவது தின்றுவிட்டு வருவார். ஆனால் பசி உம்மாவின் மூக்கைக் கூர்மையாக்கியிருந்தது.

“இன்டைக்குக் கொத்தா, பராட்டாவா?”

“ரெண்டும் இல்ல. ரோல்ஸ் ஒண்டு.”

“ஒண்டா?”

வாப்பா, ஏற்கெனவே கழுவியிருந்த கையை மீண்டும் கழுவப் போனார்.

றமழானில் விடியலிலிருந்து, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குவரை, முப்பது நாளும் முகம் சுளிக்காமல் நோன்பிருப்பவர் உம்மா. இந்தப் பட்டினியில் மட்டும் ஏன் கோபம் வருகிறது என்று ஒரு முறை துணிந்து கேட்டேன். அப்போதுதான் வுளூச் செய்துவிட்டு வந்திருந்ததால் நிதானமாகவே பதில் சொன்னார்.

“நோன்புக்கு மஃரிப் இரிக்கு மகள். இதுக்கு மஃரிப் இல்ல.”

மாலையில், அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்மா எங்கள் வீட்டுக் கூரையான மேல் தட்டில் நடப்பார். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். ஆகவே பெண் பிறந்த வீட்டில் கல்லும் சீமெந்தும் ஒருபோதும் ஓய்வதில்லை. மூத்தவளுக்குக் கீழ் வீடு, இளையவளுக்கு மேல் வீடு. எங்கள் வீட்டில் நான் ஒருத்தி மட்டும்தான் என்றாலும், வாப்பா கொங்கிறீட் தட்டோடு நிறுத்திவிட்டுத் தூண்களின் கம்பிகளை வெட்டாமல் வானத்தை நோக்கி விட்டிருந்தார். அவை உடுப்புக் காயப்போட ஏற்படுத்தப்பட்டவை என்று நான் எண்ணியிருந்தேன். உம்மா அந்தக் கம்பிகளுக்கிடையே வளைந்து வளைந்து வேகமாக நடப்பார். தெருவிலிருந்து பார்த்தால் அவரது தலைமுந்தானை மட்டும் போய்வருவது தெரியும்.

அந்த நாட்களில்தான் மாமியின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று. மாமி என்பவர் வாப்பாவின் ராத்தா, அவருக்கு மூத்த சகோதரி. இரண்டு தெருக்கள் தள்ளி இருந்தார். ஒரு தட்டில் தொதல், மஸ்கற் என்று இனிப்புகளை நிரப்பிக்கொண்டு எங்களை முறைப்படி அழைக்க வந்தார். வந்த நேரம் பகல் பதினொரு மணி. உம்மாவின் நாளில் அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

“ஒண்டு வாயில போடுங்களன் மச்சி. நானே கிண்டின தொதல்.”

“வைங்க. மறுகா தின்னுறன்.”

“வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்க நீங்க முந்தின நாளே வரணும். உங்கட கைப்பக்குவம் வேறொருத்தருக்கும் வராது.”

“எனக்கு வீட்டுல வேற வேலையே இல்லண்டு நினைச்சிட்டீங்களா?”

மாமி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். படலை சாத்தப்படும் சத்தம் கேட்டதும் உம்மா கதிரையில் அமர்ந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பின்னர் எழுந்து வுளூச் செய்யப் போனார்.

செய்த பிழையை நேராக்கும் எண்ணத்தோடு, சொன்ன நாளுக்கு முன்னமே உம்மா மாமி வீட்டுக்குப் போனார். முட்டை அடித்தார், தேங்காய்ப் பால் பிழிந்தார், அடுப்படியில் மாலைவரை நின்றார். ஆனால் இனிப்புப் பார்க்க ஒரு கரண்டி நீட்டப்பட்டபோது அதைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். மாமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களவர்களிடையே உறவினர் வீட்டில் ஒருவர் உண்ணாமலிருப்பது அவரது வயிற்றைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. கோபக்காரர் கலியாணத்துக்கு வருவார், வேலை செய்வார், அன்பளிப்பும் கொடுப்பார். சோற்றில் மட்டும் கைவைக்க மாட்டார். அதற்குப் பிறகு அந்த இரு வீடுகளும் பேசிக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பதுண்டு.

இது உம்மாவுக்கும் தெரிந்திருந்தது. வைத்தியரிடம் போகும் நாளோ நெருங்கிவிட்டது. முள் இன்னும் சிறிது இறங்க வேண்டியிருந்தது. கலியாணத்தன்று காலை எனக்குத் தலைவாரிக்கொண்டே தன் திட்டத்தைச் சொன்னார்.

“சஹன்ல எனக்குப் பக்கத்துல இரிங்க. என்ட பக்கத்துச் சோத்தையும் நீங்கதான் தின்னணும். ஒருத்தருக்கும் விளங்கப்படா.”

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு. நடுவில் நெய்ச்சோறு குவிந்திருக்கும். அவரவர் தமக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுத்து உண்ண வேண்டும். இந்த ஒழுக்கத்தை எனக்குப் புகட்டியவரும் உம்மாதான். அதுவரை என் கை அடுத்தவர் பக்கம் நீண்டபோதெல்லாம் அதில் ஒரு தட்டு விழுந்திருக்கிறது. இப்போது அதே கையை நீட்டச் சொல்கிறார். சட்டத்தை இயற்றியவரே அதை மீறச் சொல்லும்போது பொறுப்பு யாருடையது என்று நான் யோசித்தேன். எனினும் இறைச்சி எனக்குப் பிடிக்கும்.

பந்தலில் பெண்கள் பக்கத்தில் எங்கள் சஹன் வந்து இறங்கியது. உம்மா பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார். சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், உதிர்த்தார், மீண்டும் உருட்டினார், உயர்த்தவில்லை. நான் இரண்டு பக்கங்களையும் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் விரைவாக உண்டேன்.

“இந்தப் புள்ளைக்கு வீட்டுல சோறு போடுறல்லயாகா?” என்று எதிரே இருந்த ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார், ஒரு பருக்கையை வாயில் வைத்து நீண்ட நேரம் மென்றார்.

அப்போது மாமி வந்தார். மணமகளின் தாய் என்ற முறையில் சஹன் சஹனாகக் குனிந்து இறைச்சி வைத்துக்கொண்டு வந்தவர், உம்மாவின் பக்கத்தில் பெரியதொரு துண்டை வைத்தார். கடமை தவறாத நான் அதை உடனே எடுத்தேன்.

“அது உம்மாட பங்கு மகள்.”

“உம்மா தின்ன மாட்டா மாமி. எனக்குத்தான்.”

சஹனைச் சுற்றியிருந்த கைகள் நின்றன. மாமி இறைச்சிச் சட்டியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, “மச்சி, ஒருக்கா உள்ள வாங்க” என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

உம்மா கையைக் கழுவாமலே எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். வட்டிலப்பத் தட்டுகள் அடுக்கியிருந்த அறையில் மாமி கதவைச் சாத்தினார்.

“எங்கட வீட்டுச் சோத்துல என்ன குறை கண்டீங்க?”

“அல்லாஹ்க்காக அப்பிடிச் சொல்லாதீங்க. எனக்கு முழங்கால் நோவு. டொக்டர் சோத்தைக் குறைக்கச் சொன்ன.”

“முழங்கால் நோவோட ஆரும் மேல் தட்டுல அந்த ஓட்டம் ஓடுவாங்களா? நான் ரோட்டால போகக்குள்ள கண்டன் மச்சி. என்னோட கோவமெண்டா மூஞ்சிக்கு நேர சொல்லுங்க. என்ட மகள்ட கலியாணத்துல பட்டினி கிடந்து காட்டாதீங்க.”

உம்மா என்னைப் பார்த்தார். “மகள், மாமிக்குத் தண்ணி கொண்டு வாங்க” என்றார்.

தண்ணீர்க் கோப்பையோடு நான் திரும்பியபோது மாமி ஓர் அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். நெய் ஒட்டியிருந்த உம்மாவின் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்திருந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“இத எனக்கிட்ட முதலே சொன்னா என்னகா?” என்றார். பிறகு, “தருவான். அல்லாஹ் தருவான்” என்றார். முழங்காலுக்குச் சுகத்தைத் தருவான் என்று நான் பொருள்கொண்டேன். அதற்காக மாமி அழுதது சற்று மிகையாகப் பட்டது.

பெண் வீட்டுக்காரி விருந்தாளிகள் எழும்பும்வரை உண்ண உட்காருவதில்லை. அன்று மாமி வந்து எங்கள் சஹனில், எனக்கும் உம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்தார்.

“என்ன பாக்கிறீங்க? விடியத்தால இரிந்து நான் பட்டினி. தின்னுங்க எல்லாரும்.”

அவர் தன் முன்னால் இருந்ததைத் தொடவேயில்லை. உம்மாவின் பக்கத்துச் சோற்றை மட்டும், நான் பொறாமைப்படும் வேகத்தில், தின்று தீர்த்தார். இடையில் ஒரேயொரு சிறு இறைச்சித் துண்டை எடுத்து உம்மாவின் வாயில் வைத்தார். உம்மா கண்களை மூடிக்கொண்டு அதைத் தின்றார். முள் கெட்டுப்போகுமே என்று நான் கவலைப்பட்டேன்.

கெட்டுப்போகவில்லை. குறித்த நாளில் முள் குறித்த இடத்தில் நின்றது. வைத்தியர் வேலையைத் தொடங்கினார். மாத்திரைகளும் ஊசிகளும் வந்தன. வைத்தியம் முடியும்வரை எடை ஏறக்கூடாது என்பதால் பட்டினியும் பானை மூடிகளின் சத்தமும் தொடர்ந்தன. ஒன்று மட்டும் மாறியது. அதன்பின் மாமி எங்கள் வீட்டுக்குத் தொதல் கொண்டுவரவில்லை. வெள்ளரிக்காய் கொண்டுவந்தார்.

அடுத்த மாரியில் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தபோது உம்மா சோறு தின்றுகொண்டிருந்தார். தட்டு நிறையச் சோறு, சூரை மீன் ஆணம், பக்கத்தில் பால் தேநீர். அலுவலகத்தில் இருக்க வேண்டிய வாப்பா அவருக்கு எதிரே உட்கார்ந்து, தன் தட்டைத் தொடாமல் இருந்தார். உம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு பிடி உருட்டித் தந்தார். குரலில் எரிச்சலின் சாயலே இல்லை.

“முழங்கால் சுகமாயிட்டா உம்மா?”

“ஓம் மகள். சுகமாயிட்டு.”

இந்த நல்ல செய்தியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மழையில் நனைந்துகொண்டு மாமி வீட்டுக்கு ஓடினேன். மாமி கையில் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்குத்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தார். “மாமி, உம்மா சோறு தின்னுறா. தட்டு நிறைய” என்றேன். மாமி உள்ளே திரும்பிப்போய், பையிலிருந்த வெள்ளரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

அந்த வைத்தியரின் பெயர்ப்பலகை ஆங்கிலத்தில் இருந்தது. அதில் இருந்த நீளமான சொல்லை, எட்டு வயதில் உம்மாவோடு போனபோது, என்னால் வாசிக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போய்வரத் தொடங்கிய பிறகு ஒரு நாள் யன்னலோரத்திலிருந்து அதை வாசித்தேன். அது முழங்கால்களைப் பற்றியதல்ல. பிள்ளையில்லாதவர்களும், இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களும் தேடிப்போகும் வைத்தியரைக் குறிக்கும் சொல் அது.

உம்மா சோற்றுக்குத் திரும்பிய அந்த மாரி ஓய்ந்ததும் வாப்பா ஓர் ஆளைக் கூட்டிவந்து மேல் தட்டின் கம்பிகளை அறுக்கச் சொன்னார். கீழ் வீடும் மேல் தட்டும் இனி உனக்குத்தான் என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கம்பிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மேல் தட்டு முற்றத்தைப்போல வெட்டவெளியாயிற்று. தடுக்குவதற்கு ஒன்றுமில்லாத அந்த இடத்தில் நான் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடிப் பார்த்தேன். உம்மாவையும் நடக்க வருமாறு கூப்பிட்டேன். அவர் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.